பனி விழுந்தால் மட்டும் அவகாசம்

பள்ளிக்கூடத்தில் ரோபோ சொல்லிக்கொடுப்பது என்பது, பிள்ளைகள் செய்த இயந்திரம் ஏன் ஓடவில்லை என்று பெரியவர்களுக்குக் காரணம் சொல்லும் தொழில். என்றைக்காவது ஒரு புராஜெக்டுக்குப் பொறுப்பாளராகி, கடைசித் தேதியைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு சோறு இறங்காமல் இருந்தவர்களுக்கு மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சிலவற்றை எழுதிவைக்கிறேன்.

பொறுப்பு வந்த கதை

நான் குளச்சல் பக்கத்துக்காரன். என் மனைவி நர்ஸ். அவளுக்கு அமீரகத்தில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புஜைராவில் வேலை கிடைத்தது. அவள் விசாவில் நானும் வந்தேன். ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. படித்து வாங்கிய பட்டம் எதுவும் கிடையாது. கெட்டுப்போன ரேடியோ, மிக்சி, மணி அடிக்கும் கருவி என்று பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றதுதான். அவள் இறந்த பிறகும் பள்ளிக்கூடம் என்னை விடவில்லை, தங்கள் விசாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த நன்றியில் எதைக் கொடுத்தாலும் சரி என்றிருந்தேன்.

ஒருநாள் காலை பிரார்த்தனையில் மைக் கரகரத்தது. ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பிரின்சிபால் மேடம் வந்து நின்று பார்த்தார். அவர் மயிலாப்பூர்க்காரர், யாரையும் பாராட்டும்போது கூடவே ஒரு வேலையும் கொடுப்பார். மற்ற பள்ளிகளில் எல்லாம் ரோபோடிக்ஸ் டீம் இருக்கிறதாம், நம்மிடம் இல்லையாம். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன்.

"பரவால்ல சார். ஒயர் பார்த்து பயப்படாதவர் இந்த ஸ்கூல்ல நீங்க ஒருத்தர்தான்."

எல்லோருக்கும் பொதுவான மூடுபனி

டீமுக்குக் கேப்டன் நிவேதா. கோயம்புத்தூர்க் குடும்பம், அப்பா துறைமுகத்தில் அதிகாரி. அதிகம் பேசமாட்டாள், ஆனால் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்காமல் எடுத்தால் முறைப்பாள். அவளுக்கு அடுத்தவன் ஆதித்யா. சென்னைப் பையன். அவன் பேச்சை நிறுத்த ஸ்க்ரூ டிரைவரால் முடியாது. கூட இன்னும் சில பிள்ளைகள்.

வளைகுடா என்றாலே வெயில் என்று ஊரில் நினைக்கிறார்கள். இங்கேயும் குளிர்காலம் உண்டு, மூடுபனி உண்டு, பெய்தால் பெருமழை உண்டு. ரோபோ போட்டியும் சரியாக அந்தக் குளிர்காலத்தில்தான் வரும். முதல் தடவை நாங்கள் துபாய் போட்டிக்குக் கிளம்பிய காலை, மலைச் சாலையைத் தாண்டி இறங்கியதும் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டியதுபோல் மூடுபனி. பஸ் ஓட்டிய கான் பாய் பெஷாவர்க்காரர். வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, பனி விலகும்வரை பஸ் நகரக் கூடாது என்று போலீஸ் உத்தரவு, "கலாஸ் மாஸ்டர்ஜி", அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு தஸ்பீஹ் மணியை உருட்ட ஆரம்பித்தார்.

போய்ச் சேர்ந்தபோது பதிவு முடிந்திருந்தது. மேசையை மடக்கிக்கொண்டிருந்த இளைஞரிடம் மூடுபனியைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் சொன்னேன். ரோபோ பெட்டியிலிருந்து வெளியே வராமலே ஊர் திரும்பியது. நிவேதா அழவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டால் எங்கள் பள்ளியில் கிளப், போட்டி எதற்கும் அனுமதி இல்லை, பரீட்சைதான். ஆக, அவளுக்கு இன்னும் ஒரே ஒரு குளிர்காலம் மீதி. அந்த இளைஞர் சொன்னது மட்டும் எனக்கு மனப்பாடம்.

"சார், ஃபாக் எல்லா டீமுக்கும் ஒண்ணுதானே?"

ஆன்லைன் ரோபோ

அடுத்த குளிர்காலத்தில் மூடுபனிக்குத் தயாராக இருந்தோம். மழை வந்தது. இங்கே சாலை போடும்போது மழையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெய்த தண்ணீர் எங்கே போவது என்று தெரியாமல் தெருவிலேயே நிற்கும். டேங்கர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போக வேண்டும். பள்ளிக்கு லீவு விட்டு வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். எங்கள் லேபின் கூரைப் பலகை ஒன்று தண்ணீரில் ஊறி, ரோபோவை ஓட்டிப் பழகும் மேசையின் நட்டநடுவில் தொப்பென்று விழுந்தது. ரோபோ அலமாரியில் இருந்ததால் பிழைத்தது.

மேடத்துக்குப் போன் போட்டு, பயிற்சிக்கு என்ன வழி என்று கேட்டேன். எல்லா வகுப்பும் ஆன்லைன் என்றால் ரோபோவும் ஆன்லைன்தான் என்றார். பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில், ரோபோ என் கையில், இதில் எப்படி மேடம் என்றேன். அவர் சற்று யோசித்தது எனக்குக் கேட்டது.

"ரோபோவுக்கு ஒரு லாகின் ஐடி கொடுக்கச் சொல்றேன் சார்."

பசி எடுத்த ரோபோ

என் பிளாட் பள்ளிக்கு அடுத்த தெரு. மழை விட்ட ஒரு பகலில் கான் பாயும் நானும் மேசையைத் தூக்கிவந்து ஹாலில் போட்டோம். பிள்ளைகளை அவரவர் வீட்டிலிருந்து அழைத்துவர வேண்டும். ஆதித்யாவின் அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "சென்னையில நாங்க கழுத்தளவு தண்ணில நடந்து போய் காலேஜ்ல எக்ஸாம் எழுதினவங்க சார், மழைக்கெல்லாம் பயப்பட மாட்டோம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, குளிருக்கு அவன் தாங்கமாட்டான் என்றார். அவன் ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு கண் மட்டும் தெரிய வந்து சேர்ந்தான்.

சாரல் அடித்தால் பால்கனிக் கதவுக்கு அடியில் தண்ணீர் உள்ளே வரும். மேசைக் கால்கள் மரத்தூள் பலகையில் செய்தவை, நனைந்தால் உப்பிவிடும். அதனால் பால்கனிப் பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஒரு பலகைத் துண்டைச் செருகினோம். அந்தப் பலகையை எல்லோரும் பார்த்தோம். எல்லோரும் முறைவைத்து அதில் கால் விரலை இடித்துக்கொண்டோம். வேறு எதுவும் யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ரோபோவுக்குக் கண் கிடையாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக்கொண்டே போகும், திரும்பும், வரும். அதை நேராக விட்டால் ஒரு பக்கமாக ஒதுங்கியது. நிவேதா புரோகிராமில் கொஞ்சம் மாற்றினாள். திரும்பி வரும்போது மறுபடியும் ஒதுங்கியது, மறுபடியும் மாற்றினாள். இப்படி ஒவ்வொரு திருப்பத்துக்கும் தனித்தனியாக மாற்றி மாற்றி, ஒரு வாரத்தில் கோடு கிழித்ததுபோல் ஓடவைத்துவிட்டாள். மனைவி உட்காரும் பிரம்பு நாற்காலியை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அதன்மேல் நிவேதா பேட்டரி சார்ஜரை வைத்திருந்ததை மூன்றாம் நாள்தான் கவனித்தேன். எடுக்கச் சொல்லவில்லை. வீட்டில் அத்தனை சத்தம் கேட்டும் நாளாகியிருந்தது.

ரோபோ ஏன் ஒதுங்குகிறது என்பதற்கு ஆதித்யா மட்டும் ஒரு காரணம் கண்டுபிடித்தான்.

"இதுக்குப் பசி சார். எந்தப் பக்கம் விட்டாலும் கிச்சன் பக்கமே போகுது."

பட்டியலில் இல்லாத ஊர்

போட்டி நெருங்க நெருங்க மழை கூடியது. போட்டியை நடத்துபவர்களின் தலைமை அலுவலகம் ஏதோ ஒரு குளிர் நாட்டில். அங்கே பனிப்பொழிவில் மாட்டிய டீம்களுக்கு அவகாசம் நீட்டித்திருப்பதாக அவர்கள் தளத்தில் அறிவிப்பு வந்தது. பனிக்குவியலில் நின்றுகொண்டு ரோபோவைத் தூக்கிக் காட்டும் பிள்ளைகளின் படமும் இருந்தது. மேடம் அதைப் பிரிண்ட் எடுத்து, ஊக்கத்துக்காக, ஒழுகும் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார்.

எங்களுக்கும் ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று துபாயில் இருந்த ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். மதுரைக்காரர், நல்ல மனிதர். மேலே எழுதிக் கேட்டுவிட்டு அவரே போன் செய்தார். குரலில் அவருக்கே கூச்சம்.

"அண்ணே, அவுக பட்டியல்ல பனி இருக்கு, ஐஸ் இருக்கு, புயல்கூட இருக்கு. நம்ம ஊருக்கு நேரா 'நல்ல வெயில்'னு போட்டு மூடிட்டாக."

அண்டாவில் பயணம்

மூடுபனியில் பட்ட அடியால் இந்தத் தடவை முந்தின நாளே கிளம்பினோம். மழை எச்சரிக்கை விலக்கப்பட்டு, சாலை திறந்த பிறகுதான் மேடம் கையெழுத்துப் போட்டார். போகும் வழியில் ஷார்ஜாவில் ஆதித்யாவின் மாமா வீட்டில் தங்கல். அங்கே மழை விட்டு நாளாகியும் தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள் போவதற்கே பேன்ட்டைச் சுருட்ட வேண்டியிருந்தது. உள்ளே போகும்போது ரோபோவை நான் தலையில் சுமந்தேன். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் கால் வைத்துத் தள்ளாடினேன். நிவேதாவின் முகம் போன போக்கைப் பார்த்து, மறுநாள் இந்த வித்தை வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

காலையில் கீழ்த்தளத்தில் ஓட்டல் நடத்தும் மலையாளி சேட்டாவிடம் பெரிய பிரியாணி அண்டா ஒன்றை இரவல் வாங்கினோம். ரோபோவைத் துண்டில் சுற்றி அதற்குள் வைத்து, மூடிபோட்டு, கயிற்றால் கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டோம். நிவேதா முன்னால் பிடிக்க, ஆதித்யா குரங்குக் குல்லாயோடு பின்னால் தள்ள, நான் பக்கத்தில் நடக்க, அண்டா ஆடாமல் அசையாமல், கான் பாய் பஸ்ஸோடு நின்ற மெயின் ரோட்டை நோக்கிப் போனது. தண்ணீருக்கு நடுவே செருப்பைக் கையில் பிடித்து நின்றிருந்த ஒருவர் எங்களுக்கு மரியாதையாக வழிவிட்டு, மூடியை ஏக்கத்தோடு பார்த்தார்.

"பாய், மட்டனா சிக்கனா?"

இங்கே கிச்சன் இல்லை

துபாயில் அரங்கத்துக்கு வெளியே பளிச்சென்று வெயில். சாலை காய்ந்து கிடந்தது. பட்டியல் போட்டவர்கள் சொன்னது உண்மைதானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அண்டாவோடு உள்ளே போய் நேரத்துக்கு முன்பே பதிவு செய்தோம். நடுவர்கள் பிள்ளைகளிடம், நீங்கள் சந்தித்த சவால் என்ன என்று கேட்டார்கள். வெள்ளம் என்றாள் நிவேதா. அவர்கள் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். நகைச்சுவை உணர்வு நன்று என்று ஒருவர் எழுதியதை ஆதித்யா எட்டிப் பார்த்துவிட்டான்.

மூன்று சுற்று, அதில் சிறந்த ஒன்று கணக்கு. முதல் சுற்றில் ரோபோ கிளம்பி, யாரோ கூப்பிட்டதுபோல் ஒரு பக்கமாகத் திரும்பி, மேசை விளிம்பில் முட்டி நின்றது. பிரியாணி வாசனை மட்டும் பரவியது. நிவேதா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "சார், அதுக்குப் பசியே இல்லைங்க. நம்ம மேசைதான் சரிவு. அந்தப் பலகை" என்றாள். சமதளத்தில் ஓடவேண்டியதை நாங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து மலையேறப் பழக்கியிருந்தோம். இங்கேயும் ஒரு அட்டையைக் காலுக்கு அடியில் செருகிக்கொள்ளலாமா என்று ஆதித்யா கேட்டே விட்டான். நடுவர் மேசையைத் தட்டிக் காட்டினார்.

"டேபிள் எல்லா டீமுக்கும் ஒண்ணுதான், தம்பி."

கடைசிச் சுற்று

ஒரு வாரம் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நிவேதா அண்டாவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தாள். பாதி முடியும்போதே இரண்டாம் சுற்றுக்கு அழைத்தார்கள். ரோபோ அவள் திருத்திய இடம்வரை நேராகப் போனது. திருத்தாத இடம் வந்ததும் முதல் சுற்றைப் போலவே, கிச்சனுக்கு எதிர்ப்பக்கம், பால்கனியைத் தேடியது. ஆதித்யா வாயைத் திறந்தான். அவள் முறைத்தாள். மூடிக்கொண்டான். அது முதல் தடவை.

மீதித் திருத்தங்களை எடுத்து முடிக்கவே நேரம் சரியாக இருந்தது, மூன்றாம் சுற்றுக்குமுன் ஒத்திகை பார்க்க முடியவில்லை. வைத்தாள், பொத்தானை அழுத்தினாள், கையை எடுத்தாள். ரோபோ போனது, திரும்பியது, தூக்க வேண்டியதைத் தூக்கியது, வைக்க வேண்டிய இடத்தில் வைத்தது, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. பரிசு எதுவும் இல்லை, நடுவில் ஏதோ ஓர் இடம். போன வருஷம் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு போன ரோபோவை இந்த வருஷம் அண்டாவோடு ஆதித்யாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, அவள் கைவீசிக்கொண்டு நடந்தாள். அண்டாவைத் திருப்பிக் கொடுத்தபோது சேட்டா, ஜெயித்தோமா என்று கேட்டார். ஓடியது என்றேன். அதற்கே ஆளுக்கொரு டீ கொடுத்தார்.

அடுத்த வாரம் நிவேதா, ஜூனியர் பிள்ளைகளுக்கு ரோபோவை ஒப்படைக்குமுன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். மேசை அப்படியே இருந்தது. அவளே குனிந்து பலகையை உருவி, பால்கனியில் சாத்தினாள். பிரம்பு நாற்காலியிலிருந்து சார்ஜரை எடுத்துப் பையில் வைத்தாள். பிறகு ரோபோவை ஓடவிட்டாள். எந்தப் பக்கமும் ஒதுங்காமல் போய் வந்தது. அதை நிறுத்தி, தூசியைத் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

"பசி ஆறிடுச்சுங்க சார்."

இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: ரோபோ நாம் சொன்னதைச் செய்யும், வானம் தனக்குத் தோன்றியதைச் செய்யும், போட்டி நடத்துபவர்கள் பட்டியலில் உள்ளதைச் செய்வார்கள், மீதி எல்லாவற்றையும் ஒரு பிரியாணி அண்டாவை வைத்துக்கொண்டு நாம்தான் செய்ய வேண்டும்.