தேர்த் திருவிழாவில் நான் தொலைத்த மலாவி ஓட்டக்காரன்

ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, வேற்று நாட்டு மனிதன் ஒருவனை நான் தொலைத்துவிட்டேன். பொருளை அல்ல, மனிதனை. அவனுக்கு வலிப்பு நோய் இருந்தது. அவனுடைய மருந்து என் தோள்பையில் இருந்தது. அவன் யார் என்று சொல்லும் அட்டையும் என் தோள்பையில்தான் இருந்தது. அவனை மட்டும் காணவில்லை.

அம்மனை நம்புகிற உங்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். வெட்கத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

நான் ஜெர்மனியில் ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அகதியாக வந்தவன். இப்போது பஸ் ஓட்டுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் கூட. எங்கே போனாலும் யாருடனாவது சண்டை கொழுவிவிட்டுத்தான் வருவேன் என்று என் மனைவி சாந்தி சொல்வாள். அவள் சொல்வது பொய்யில்லை என்பதை இந்தக் கதையிலேயே காண்பீர்கள்.

அந்த வருடம், புரிந்துகொள்வதிலும் கற்பதிலும் சிரமம் உள்ள விளையாட்டு வீரர்களுக்கான உலகப் போட்டி பெர்லினில் நடந்தது. ஓட்டம், நீச்சல், பந்து விளையாட்டு என்று எல்லாமே உண்டு. போட்டி தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு நாட்டு அணியையும் ஜெர்மனியின் ஓர் ஊர் சில நாள் விருந்தாளியாக வைத்திருந்தது. எங்கள் ஊருக்கு மலாவி அணி வந்தது. மலாவி ஆப்பிரிக்காவில் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நான் வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். அணிக்கு வாகனம் ஓட்ட ஆள் தேவை என்றார்கள். நான்தான் முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

லிம்பானி அந்த அணியில் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவன். இருபத்தாறு வயது. உயரம் என்றால் நல்ல உயரம். அதிகம் பேசமாட்டான், அந்நியர்களோடு ஒரு வார்த்தையும் பேசமாட்டான். ஆனால் என்னோடு ஒட்டிக்கொண்டான். நான் ஓட்டிய வானில் முன் சீட்டில்தான் ஏறுவான். நான் சிக்னலைப் பார்த்துத் திட்டினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். எனக்கு அவன்மேல் பெரிய பிரியம் வந்துவிட்டது.

அந்த ஞாயிறு மற்ற வீரர்களை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு. லிம்பானிக்கு மிருகங்கள் என்றால் பயம், வரமாட்டேன் என்றுவிட்டான். அன்றைக்குத்தான் எங்கள் அம்மன் கோயில் தேர். நான் அவனைக் கூட்டிப்போகிறேன் என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். தோக்கோ என்று பெயர், அவர்கள் ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை, கண்டிப்பான பெண். முதலில் மறுத்தார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பையை என் கையில் தந்து, ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பன்னிரண்டு மணிக்கு இந்தக் குளிசையை விழுங்கவேண்டும். வலிப்பு வந்து ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் இந்த மருந்தைக் கன்னத்துக்குள் விடவேண்டும். கழுத்து அட்டையில் எல்லாம் எழுதியிருக்கிறது. அட்டை அவன் கழுத்திலேயே இருக்கட்டும்."

"நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்காது. என் முகத்தில் இருந்த பெருமையைக் கண்டிருப்பார்.

கோயில் வாசலில்தான் அந்தப் பிழையைச் செய்தேன். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தானே உள்ளே போகிறோம். லிம்பானியையும் கழற்றச் சொன்னேன். கழற்றும்போது கழுத்து அட்டையும் சேர்ந்து வந்துவிட்டது. திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் வேட்டி கட்டிவிடும் ஆசை வந்துவிட்டது. என் மகனுடைய சிவப்புக்கரை வேட்டியைக் கட்டி, திருநீறு பூசி, பொட்டு வைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தான். வாசலில் நின்ற சிலர் வந்து படம் எடுத்தார்கள். "மலாவி நாட்டின்ரை ஓட்டக்காரன், எங்கடை விருந்தாளி" என்று நான் பெருமையில் ஒரே புளுகு. சட்டையும் அட்டையும் என் தோள்பைக்குள் போயின. போனது போனதுதான்.

தேர் வெளிக்கிடுகிற நேரம். என் வானை மறித்துக்கொண்டு ஒருவர் தன் காரை நிறுத்திவிட்டார். நான் லிம்பானியிடம் "இஞ்சையே நில்" என்று கையால் காட்டிவிட்டுப் போய் அவரோடு சண்டை பிடித்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். இல்லை, பத்து நிமிடம் இருக்கும். உண்மையைச் சொல்கிறேன் என்றுதானே தொடங்கினேன். சண்டையில் நான்தான் வென்றேன். திரும்பி வந்தால் அவன் நின்ற இடம் வெறுமையாக இருந்தது.

முதலில் பயம் வரவில்லை. சாப்பாட்டுப் பந்தலுக்குப் போயிருப்பான் என்று பார்த்தேன். இல்லை. கழிப்பறைகளைப் பார்த்தேன். இல்லை. கடைகளுக்குள் பார்த்தேன். அப்போதுதான் பயம் பிடித்தது. ஒரு தொண்டர் பெடியனைப் பிடித்துக் கேட்டேன்.

"தம்பி, ஒரு ஆளைக் கண்டனீரோ? நல்ல உயரம், கறுப்பு, சேட்டில்லை, வேட்டி கட்டியிருக்கிறார்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணை, இஞ்ச நிக்கிற எல்லாரும் அப்பிடித்தானே."

வேறு நாளாயிருந்தால் நானே சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஜெர்மன் தெருவில் தனித்துத் தெரிந்திருக்க வேண்டிய ஒருவனை, நானே என் கையால் எங்கள் கூட்டத்துக்குள் கரைத்துவிட்டேன்.

தேரோடு போலீஸ்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சீருடையைக் கண்டால் இன்றைக்கும் என் கால் தானாக மறுபக்கம் திரும்பும். ஊரில் போர்க்காலத்தில் பழகிய பயம். அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. ஆப்பிரிக்க வீரன் ஒருவன் காணாமல் போனான் என்றால் இவர்கள் என்ன நினைப்பார்கள்? ஓடிவிட்டான், அகதி விண்ணப்பம் போடப் போகிறான் என்பார்கள். மற்ற வீரர்களையும் சந்தேகப்படுவார்கள். அடுத்த முறை அந்த நாட்டுக்கு விசா கொடுப்பார்களோ? எனக்கு அந்தப் பார்வை தெரியும். முப்பது வருடத்துக்கு முன் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த நேரம் தோக்கோ எனக்குப் போன் எடுத்தார்.

"எப்படி இருக்கிறான்?"

"நல்லாயிருக்கிறான்" என்றேன். "தேர் பார்க்கிறான்."

பொய். பட்டப்பகலில், கோயில் வாசலில், நெற்றியில் திருநீறோடு நின்று சொன்ன பொய். இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்குக் கூசுகிறது.

அதன்பிறகு ஓடினேன். தேர் ஒரு பக்கம் போக, நான் மறுபக்கம் ஓடினேன். கூட்டமும் சத்தமும் பிடிக்காமல் விலகிப் போயிருப்பான் என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டேன். ரயில் நிலையத்தில் பார்த்தேன். விளையாட்டுத் திடலில் பார்த்தேன். ஐம்பத்தேழு வயது, ஒரு முழங்கால் சரியில்லை, வெறும் காலோடு தார் ரோட்டில் ஓடுகிறேன். சனம் ஜன்னலால் பார்த்தது. கடைசியாகக் கால்வாய்க் கரைக்கு வந்தேன்.

தண்ணீரைக் கண்டதும் உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அவனுக்கு நீந்தத் தெரியுமோ தெரியாது. கரையில் நிற்கும்போது வலிப்பு வந்திருந்தால்? தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. குளிசை நேரமும் போய்விட்டது. தூரத்தில் தேரின் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் அந்தக் கரையில் குந்திவிட்டேன். அம்மனைக் கும்பிட்டேன் என்று சொல்லமாட்டேன். சண்டை பிடித்தேன். என் வாய்க்கு அதுதானே தெரியும். சத்தமாகவே சொன்னேன்.

"எனக்கு இந்த நிலைமை. நீ பட்டுடுத்து, மாலை போட்டு ஊர்வலம் போறியோ? அவன் எனக்குக் கிடைக்கும்வரைக்கும் ஒரு அடி நகரக்கூடாது, சொல்லிப்போட்டன். நகர்ந்தியெண்டால் இனி உன்ரை வாசலுக்கு வரமாட்டன். அம்மா, அவன் ஆரோ பெத்த பிள்ளையம்மா. என்ரை பெருமைக்காகக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். என்னை என்ன வேணுமெண்டாலும் செய். அவனை விட்டிடு."

சொல்லச் சொல்ல வாய்விட்டு அழுதேன். அழுது முடிந்தபோது மனதில் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. பொய்யை வைத்துக்கொண்டு கேட்கிறாயே, முதலில் அதை இறக்கி வை. யார் சொன்னது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும் யார் என்று. உடனே தோக்கோவுக்குப் போன் எடுத்தேன்.

"நான் பொய் சொன்னேன். அவனைக் காணவில்லை. ஒரு மணித்தியாலமாகக் காணவில்லை. அட்டையும் அவனிடம் இல்லை."

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கே மனிதர்கள் வரிசையாக நிற்கும் இடம் எது?"

"என்ன?"

"அவன் தனியாகப் போகமாட்டான். வரிசையைக் கண்டால் போய்ச் சேர்ந்துகொள்வான். ஊரிலும் அப்படித்தான், தண்ணீர்க் குழாயடியில், தேவாலயத்தில், எங்கே என்றாலும். வரிசையைத் தேடுங்கள்!"

வரிசை! ஐயோ, தேர் வடம்! சேட்டில்லாத ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று பிடித்து இழுக்கிற வடம். நான் ஊரெல்லாம் ஓடினேன், அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கவில்லை. அம்மன் போகிற பக்கத்துக்கே நான் போகவில்லை. உடனே செல்வத்துக்குப் போன் எடுத்தேன். தேர்ச் சில்லுக்கு, அதுதான் சக்கரத்துக்கு, கட்டை போடுகிறவன் அவன்.

"செல்வம், தேர் எங்கையடா?"

"அதையேன் கேக்கிறியள் அண்ணை. மூலையிலை மரக்கிளை ஒண்டிலை தேரின்ரை உச்சி முடி மாட்டுப்பட்டு, தேர் அசையுதில்லை. எல்லாரும் கத்திக்கொண்டு நிக்கினம்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. லிம்பானியைப் பற்றிக் கேட்கவும் மறந்து, போனைப் பிடித்தபடியே ஓடினேன். மூன்று தெரு. எப்படி ஓடினேன் என்று தெரியாது.

நான் மூலை திரும்பியபோது சனம் ஓரிடத்தில் வட்டமாகக் குவிந்திருந்தது. "தள்ளுங்கோ, காற்றுவர விடுங்கோ" என்று ஒரு பெண் குரல். எனக்கு விளங்கிவிட்டது. சனத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். லிம்பானி தரையில் கிடந்தான். கையும் காலும் இழுத்துக்கொண்டிருந்தன. கடைவாயில் நுரை. அவன் தலைக்கும் தேர்ச் சில்லுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை செய்கிற எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்திருந்தாள். "ஆறு நிமிசமாப் போச்சு, நிக்குதில்லை. ஆரெண்டும் தெரியேல்லை, என்ன மருந்தெண்டும் தெரியேல்லை" என்று பதறினாள். நான் பையை அவளிடம் நீட்டினேன். அவள் அட்டையை வாசித்தாள், மருந்தை எடுத்தாள், கன்னத்துக்குள் விட்டாள். நான் சொல்லப் பயந்த போலீஸ்காரர்களில் ஒருவர் முழந்தாளிட்டு, தன் தொப்பியால் அவன் முகத்துக்கு வெயில் மறைத்துக்கொண்டே அம்புலன்சுக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்.

மருந்து விட்ட பிறகும் இழுப்பு நிற்கவில்லை. நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு தேரை அண்ணாந்து பார்த்தேன். இந்த முறை சண்டை பிடிக்கவில்லை. "அம்மா" என்ற ஒரு சொல்தான் வந்தது. மேளம் நின்றிருந்தது. மெல்ல மெல்ல அவன் கால் என் கைக்குள் தளர்ந்தது. செத்துப்போனானோ என்று நினைத்துவிட்டேன். "மூச்சு வருது அண்ணை, சீராய் வருது" என்றாள் அந்தப் பிள்ளை.

பிறகு செல்வம் சொன்னான். லிம்பானி தொடக்கத்திலிருந்தே வடம் பிடித்து வந்தானாம். வரிசையின் கடைசியில், தேருக்கு மிகக் கிட்ட. தேர் கிளையில் மாட்டி நின்று இரண்டு மூன்று நிமிடத்தில்தான் விழுந்தானாம். "தேர் ஓட்டத்திலை விழுந்திருந்தா, நான் கட்டை போட முந்திச் சில்லு ஏறியிருக்கும் அண்ணை" என்று சொல்லிவிட்டு அவனே அழுதான். நான் கரையில் இருந்து கேட்ட நேரமும் தேர் நின்ற நேரமும் ஒன்றா என்று மணிக்கூடு வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. மரக்கிளைதானே என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். கிளையை நான் கண்டேன். அதற்குப் பின்னால் இருந்தவளையும் கண்டேன்.

தோக்கோ ஆஸ்பத்திரிக்கு வந்து, முதலில் லிம்பானியின் நெற்றியைத் தடவினார். பிறகு என்னிடம் வந்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்கள்மேல் எனக்குக் கோபம்" என்றார். "நாளைக்கும் இருக்கும். ஆனால் நீங்கள் அந்தப் போனை எடுக்காமல் விட்டிருந்தால், நான் அவனைப் பெட்டியில் வைத்து அவன் தாயிடம் கொண்டுபோயிருப்பேன்."

இரண்டு நாள் கழித்து டாக்டர் அவன் ஓடலாம் என்றார். பெர்லினுக்கு நானும் சாந்தியும் போனோம். மலாவி என்று எழுதிய சட்டையோடு அவன் தொடக்கக் கோட்டில் நின்றான். இரண்டு சுற்று ஓட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் விழுந்துவிடுவானோ, விழுந்துவிடுவானோ என்று சாந்தியின் கையை நெரித்துவிட்டேன். ஐந்தாவதாக வந்தான். பதக்கம் இல்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, முதலாவதாக வந்தவனைவிடப் பெரிதாகச் சிரித்தான். நான் அந்த இடத்தில் எல்லாருக்கும் முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

அன்றிலிருந்து நான் மாறிவிட்டேனா என்று கேட்பீர்கள். வாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, சாந்தியைக் கேளுங்கள். பயமும் போகவில்லை. சீருடையைக் கண்டால் கால் இன்னும் மறுபக்கம்தான் திரும்புகிறது. ஒன்றுதான் மாறியது. பயத்தை மறைத்து வைக்க இப்போது என்னால் ஏலாது. பயம் வந்த கணமே அம்மனிடம் சொல்லிவிடுகிறேன், யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த மனிதரிடமும் சொல்லிவிடுகிறேன்.

என்னைப் போல ஒருவர் உங்களுக்குள்ளும் இருப்பார். யாரிடமோ "எல்லாம் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருப்பார். அம்மா, அப்பா, அக்கா, தங்கச்சி, உங்களுக்குத்தான் இதை எழுதினேன். வடிவாகக் கும்பிடத் தெரியாவிட்டால் திட்டியாவது அவளைக் கூப்பிடுங்கள், அவள் கோபிக்கமாட்டாள். கூப்பிட்டுவிட்டு, பயமாக இருந்தாலும் அந்தப் போனை எடுங்கள். நான் ஒரு மணித்தியாலம் பிந்தி எடுத்தேன். எனக்காக அவள் தேரிலேயே காத்து நின்றாள்.