கதவைச் சாத்தச் சொன்னவர்

பாரிஸில் லா ஷப்பல், 1986. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் சின்னச் சாப்பாட்டுக் கடையில் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். நியூயார்க்கில் அவர் தம்பியின் அகதி மனுவுக்கு இன்று முடிவு. அவர் கண் தொலைபேசியிலேயே இருக்கிறது.

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பாண்டிச்சேரிப் பெரியவர் ஒருவர், அமெரிக்கா கதவைச் சாத்தவேண்டும் என்று வாதாடுகிறார். அவர் காரணங்களை மனதுக்குள் வரிசைப்படுத்துகிறேன்: மதவெறியர்கள் நுழைகிறார்கள், யாரென்று சோதிக்க வழியில்லை, நாட்டுக்கே ஆபத்து.

“குண்டு வைக்கிறவன் மனுக் குடுத்துப்போட்டு வரிசையிலை நிப்பானே, ஐயா?” என்கிறார் கடைக்காரர்.

“யார் கண்டா? எல்லாரையும் நிறுத்தணும்!”

தொலைபேசி அடிக்கிறது.

“ஓம்... ஓம்... தம்பிக்குக் குடுத்திட்டாங்களாம்!”

முதலில் ஓடிப்போய்க் கடைக்காரரைக் கட்டிக்கொள்வது பெரியவர்தான்.

“எல்லாரையும் நிறுத்தச் சொன்னியளே?”

“நம்ம பையனையா சொன்னேன்?”

கடையே சிரிக்கிறது. பெரியவர் வாசற்கதவை அகலத் திறந்து, தெருவில் போகிறவர்களையும் தேநீருக்குக் கூப்பிடுகிறார்.