வேலி எடுத்த காணி

காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வருகிறவன் அல்ல நான். கோயில் குளத்தின் பின்பக்கத்தால் இறங்கி, புல்வெளியைச் சுற்றித்தான் வருவேன். சின்ன வயதில் மாடு சாய்த்துக்கொண்டு திரிந்த வெளி அது. பள்ளிக்கூடத்துப் படிப்பு எனக்குப் பெரிதாக ஏறவில்லை. கொக்கு எங்கே இறங்கும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கத்தால் ஓடும் என்பதெல்லாம் ஏறியது. கலியாணம் கட்டித் தோட்டம் செய்த காலத்திலும் பின்னேரம் ஒருதரம் அந்தப் பக்கம் போய் வராவிட்டால் சோறு இறங்காது.

"உங்களுக்கு அங்கை ஆரும் இருக்கினமோ?" என்று மனைவி பகிடி பண்ணுவா.

இப்போது அவ இல்லை. வாசல் படலையைத் திறந்தால் "வந்திட்டியளோ" என்று கேட்க ஆளில்லை. அந்தப் புல்வெளியில் கால் வைத்தால் மட்டும் ஆட்காட்டிக் குருவி கத்தும். அது ஏச்சுத்தான். என்றாலும் நான் வந்ததை ஒரு உயிர் கவனித்திருக்கிறதே என்று மனம் ஆறும்.

குளத்தோடு ஒட்டி எங்களுக்கு ஒரு பள்ளக் காணி. மகள் பிறந்த வருசம் நானும் மனைவியும் அதைச் சுற்றி மண் அணை போட்டு, கிளுவங் கதியால் நட்டு வேலி அடைத்தோம். அவளுக்கென்று நினைத்த சீதனக் காணி. கதியால்கள் வேர் பிடித்து மரமாயின. மகள் கனடாவுக்குப் போய் அங்கே இரண்டு பிள்ளைகளுக்குத் தாயுமானாள்.

போன ஆவணியில் ஒருநாள் போனில் சொன்னாள்.

"அப்பா, நாங்கள் அங்கை வந்து இருக்கப் போறேல்லை. அந்தக் காணியை வித்துப்போடுங்கோ."

"ஓம் பிள்ளை," என்றேன். அன்றைக்கு நான் உலை வைக்கவில்லை.

காணி விற்கிறதென்றால் பக்கத்துக் காணிக்காரரிடம் முதலில் கேட்பது எங்கள் வழக்கம். போய்க் கேட்டேன். அவர் முந்தி லொறி வைத்திருந்தவர், வாய்க்காரர்.

"உடனை வாங்குவன் அண்ணை. மண் அடிச்சு மேடாக்கினால் மகனுக்கு மாடி வீடு போடலாம்."

வரும் வழியில் அந்தக் காணியில் கொஞ்சநேரம் நின்றேன். எங்கள் காணிக்கு மேலே ஏற்கெனவே இரண்டு பள்ளக் காணிகளை மேடாக்கிவிட்டார்கள். மாரித் தண்ணீர் தங்க இடமில்லாமல் றோட்டால் ஓடிக் கடலுக்குப் போகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இப்போது உப்புச் சவர் தட்டுகிறது. இதையும் மூடினால் குளத்துக்குத் தண்ணீர் வராது, பறவையும் வராது. காலையில் நான் எங்கே போவேன்? அதைத்தான் முதலில் நினைத்தேன், ஊர்க் கிணறுகளைப் பிறகுதான் நினைத்தேன்.

கோயில்காரரிடம் போய், காணியைக் குளத்தோடு சேர்த்து விடுகிறேன் என்றேன். அவர்களுக்குச் சந்தோசம்.

"அன்னதான மண்டபத்துக்கு அருமையான இடம் ஐயா!"

"மண்டபமெண்டால் தரமாட்டன். தண்ணிக்குத்தான் தாறன். ஒரு கடகம் மண்ணும் கொட்டப்படாது."

"பிள்ளையாருக்கே நிபந்தனையோ?"

"பிள்ளையாரும் தண்ணிக்குப் பக்கத்திலைதானே விரும்பி இருக்கிறார்," என்றேன். சிரித்தார்கள், பிறகு சம்மதித்தார்கள்.

அடுத்த காலை திருநீறு பூசி, வேலியையும் அணையையும் எடுக்கக் கத்தியும் அலவாங்கும் கொண்டு போனேன். பக்கத்துக் காணிக்காரர் தன் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? இரவோடிரவா வேலியைத் தள்ளி அரக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். பிடுங்கி எறியிற ஆளை இப்பதான் காணுறன்!"

கொஞ்சம் பகிடி விட்டார், கொஞ்சம் ஏசினார். பிறகு, "எங்கடை கிணறும் சவர்தானே," என்றபடி மண்வெட்டியோடு வந்து அணையின் மற்றப் பக்கத்தை வெட்டினார். மனைவி நட்ட மூலைக் கதியாலில் மட்டும் எனக்குக் கை போகவில்லை. அதை அவரே வெட்டினார்.

மகளுக்குச் சொல்லவேண்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போனது.

கார்த்திகையில் பெரிய மழை பெய்தது. மழை விட்ட காலையில் போய்ப் பார்த்தால், அணை இருந்த இடம் தெரியவில்லை. காணியும் குளமும் ஒரே தண்ணீர். நடுவில் வெள்ளைக் கொக்குகள். எனக்குக் கை கூப்பத்தான் தோன்றியது. அந்தநேரம் பார்த்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே அவளுக்கு இரவு.

"உது எந்த இடம் அப்பா? எங்கடை வேலி எங்கை?"

"எடுத்துப்போட்டன் பிள்ளை. காணியைக் குளத்துக்கு விட்டாச்சு."

அவள் முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

"அப்ப நான் வந்தால் எங்கை வீடு கட்டிறது?"

விற்கச் சொன்னவள்தான். வரமாட்டேன் என்றதை நான் நம்பினேன். அவள் நம்பியிருக்கவில்லை போலும்.

"எங்கடை வீட்டிலை உன்ரை அறை இருக்குத்தானே," என்றேன்.

"ஓம்."

போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். தவளைகள் கத்தின. தூரத்தில் ஒரு மேட்டில் நின்று ஆட்காட்டியும் ஏசியது. எனக்குக் கை நோகத் தொடங்கியும் அவள் போனை வைக்கவில்லை.