மச்சான் பிடிக்கும் கயிறு

இல்லை, முத்துக் குளிப்பைப் பார்க்கப் போகவில்லை. அது நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. முத்துக் குளித்தவர்களில் சிலர் எப்போதோ கடலை விட்டுப் போய் உண்டாக்கிய ஊர் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சோளமும் கம்பும் விளையும் சின்ன ஊர். 1974, ஐப்பசித் தொடக்கம். தூத்துக்குடியில் விளாத்திகுளம் பஸ் ஏறினேன். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். இறங்கி மூன்று மைல் நடை. கரிசல். மரமில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஊரில் கடலின் அடையாளம் எதுவும் இல்லை. ஒரு கடை, களம், சிலுவை வைத்த சிறு கோயில்.

களத்தின் ஓரத்தில், மண்ணுக்குள் வெட்டிய சோளக் குழியைத் திறந்துவைத்துவிட்டு சூசை என்பவர் நின்றிருந்தார். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். மழைத் தண்ணீர் இறங்குவதற்குள் சோளத்தை மேலே எடுக்காவிட்டால் ஒரு வருடச் சோறு அழுகிவிடும். ஆனாலும் அவர் உள்ளே இறங்கவில்லை.

“உள்ள காத்து கெட்டுக் கெடக்கும். இடுப்புல கயிறு கெட்டாம எறங்க மாட்டாவ,” என்றார் அவர் மனைவி ரோசம்மாள். “கயித்த எங்க அண்ணன்தான் பிடிக்கணும்.”

சுற்றி நாலைந்து ஆண்கள் இருந்தார்கள். அவர்கள் பிடித்தால் என்ன என்று கேட்டேன்.

“கடல்ல முங்கும்போதே அப்பிடித்தானாம். மச்சான்தான் பிடிப்பான். கயிற விட்டா அவன் தங்கச்சி தாலியில்லா போவும்.”

நான் தேடி வந்தது இதைத்தான். அந்த நேரத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. அண்ணன் அந்தோணி ஆவணியிலிருந்து இந்த வீட்டோடு பேசுவதில்லை. தன் மகனுக்குச் சூசையின் மகளைப் பெண் கேட்டு வந்தவரை, சூசை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

இடி கேட்டது.

“நீயே பிடியேம்ளா,” என்றார் சூசை. ரோசம்மாள் கயிற்றைத் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தோணி தானாகவே வந்தார். தங்கையிடம் மட்டும் பேசினார். “ஏளா, கயிற எடு.”

“ஒம்மள யாரு வரச்சொன்னா?” என்றார் சூசை.

“ஒமக்காவ வரல. எறங்கும்வே. மழைக்கும் வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமோ?”

காற்று எப்படி என்று அறிய விளக்கை இறக்கிப் பார்த்தார்கள். அணையவில்லை. சூசை இறங்கினார். ஓலைப்பெட்டிகளில் சோளம் மேலே வந்தது. திடீரென்று உள்ளே சத்தமில்லை.

“மச்சான்,” என்றார் அந்தோணி. பதில் இல்லை. “ஏ மச்சான்.”

“சாவலவே. பெட்டிய எறக்கச் சொல்லும்.”

யாரோ சிரித்தார்கள். அந்தோணி சிரிக்கவில்லை. கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டார்.

குழி காலியானதும் சூசை மேலே வந்தார். கயிற்றைச் சுருட்டிவைத்துவிட்டு அந்தோணி போய்விட்டார்.

அந்த ஊருக்குப் போக நினைப்பவர்கள் மழைக்கு முன்னால் போய்விடுங்கள். நனைந்த கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கடைசி பஸ் மாலை ஐந்தரைக்கு. ஊர் உண்டான வருடத்தைக் கேட்டுப் பயனில்லை, அது யாருக்கும் தெரியாது. அவர்கள் கடலிலிருந்து கொண்டுவந்தது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: மூச்சை யார் கையில் கொடுத்துவிட்டு இறங்குவது என்ற முடிவு. கோபம் அதற்குப் பிறகுதான்.

தூறல் விழுந்தது. ரோசம்மாள் ஒரு பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.