சுண்ணாம்பு இருக்குதுங்களா?

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். இது எனக்கே நடந்தது. 1991 டிசம்பர் 11, புதன்கிழமை. ஏற்காட்டில், பட்டப்பகலில்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவன். கிளியூர் போகும் வழியில், ஒரு எஸ்டேட்டின் பழைய பங்களாவில் எங்கள் சின்ன ஆய்வகம். காபி இலையின் உயிருள்ள செல்களுக்குள் ஒரு சாயத்தை ஏற்றுவேன். செல்லுக்குள் கால்சியம் கூடினால், நீல விளக்கில் அந்தச் சாயம் பச்சையாக ஒளிரும். செல்லை லேசாகத் தொட்டாலே கால்சியம் எகிறிவிடும். தொடாவிட்டால் இருட்டுதான். வெளிச்சம் பட்டால் சாயம் கெட்டுவிடும் என்பதால் சன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். மதியம் மூன்று மணிக்கும் உள்ளே கையை நீட்டினால் கை தெரியாது.

பெருக்க வரும் அருக்காணியிடம், "இலைக்குள்ள எவ்வளவு சுண்ணாம்பு இருக்குதுன்னு பாக்கறேன்" என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். அதோடு நான் ஊருக்கெல்லாம் சுண்ணாம்பு சார் ஆகிவிட்டேன்.

சிக்கல் இதுதான். ஒரு மாதமாக, நான் தொடாத செல்களும் ஒளிர்ந்தன. என் வழிகாட்டி டாக்டர் கிறிஸ்துதாஸ் கொதித்துவிட்டார்.

"தொடாத செல் எப்படிய்யா ஒளிரும்? நீ தொட்டுட்டு மறைக்கிறே. புதன்கிழமை கடைசி வாய்ப்பு. மறுபடியும் இதே கதைன்னா மூட்டையைக் கட்டு."

நாலு வருடப் படிப்பு. எனக்கு அருக்காணி மேல்தான் சந்தேகம். டீ குடித்துவிட்டு வந்தால் செல்கள் வைத்த தட்டுகள் இடம் மாறியிருக்கும். அறையில் வெற்றிலை வாசனை அடிக்கும். கேட்டால், "உள்ள நான் காலே வெக்கலைங்க சாமி" என்பாள். நான் துளியும் நம்பவில்லை.

அன்று உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன். சாயம் ஒரு தட்டுக்குத்தான் மிச்சம்.

3.10. செல்கள் இருண்டு கிடந்தன. ஒளியை அளக்கும் பதிவுக் கருவியின் பேனா தாளில் நேர்கோடு இழுத்தது.

3.17. பேனா கீச்சிட்டது... நுண்ணோக்கியில் குனிந்தேன். இடது ஓரத்தில் ஒரு செல் பச்சையாக... பிறகு அடுத்தது... அதற்கடுத்தது. யாரோ வரிசையாகத் தொட்டுக்கொண்டே வருவதுபோல.

டொக்... டொக்.

"ஏனுங்க... சுண்ணாம்பு இருக்குதுங்களா?"

அருக்காணி! எனக்கு வந்ததே கோபம்.

"இல்ல, போ!"

"நொம்ப வேண்டாமுங்க... கொஞ்சூண்டு."

"இல்லைங்கறேன்ல!"

"உங்க கையில இருக்குதுங்களே..."

"இருந்தா எடுத்துக்கிட்டுப் போய்த் தொலை!"

"சரிங்க."

அந்தச் 'சரிங்க' கதவுக்கு வெளியே கேட்கவில்லை.

என் காதருகில் கேட்டது.

வெற்றிலை வாசனை...

ஈரமான ஏதோ என் வலது கையைப் பிடித்தது. விரல் விரலாகத் தடவியது. நிதானமாக.

பேனா நின்றது.

3.21.

கதவுக்கு ஓடினேன். தாழ், நான் போட்டபடியே இருந்தது. திறந்தேன். வராந்தாவில் பனிமூட்டம் மட்டும்.

வியாழக்கிழமை அருக்காணி வந்தாள். திங்கட்கிழமையிலிருந்து வெள்ளக்கடை கிராமத்தில் மகள் ஊட்டில் இருந்தாளாம். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அதுங்களுக்குக் கையால குடுக்கவே கூடாதுங்க சாமி. இரும்பு நுனியில வெச்சுத்தான் நீட்டோணும். நீங்க என்ன சொன்னீங்க?"



கிறிஸ்துதாஸ் பதிவுத் தாளைப் பார்த்தார். ஒன்றுமே கேட்காமல் என்னைக் கிளம்பச் சொல்லிவிட்டார்.

ஒன்பதாம் நாள் காலை, ஊருக்குப் போகப் பெட்டியைத் தூக்கினேன். பட்... பட்... வலது கை விரல்கள் முறிந்தன. கிறிஸ்துதாஸே பதறிப்போய் ஜீப்பில் சேலத்துக்கு அழைத்துப் போனார்.

ஆஸ்பத்திரி டாக்டர் என் இரண்டு கைகளின் எக்ஸ்ரேயையும் விளக்கில் பிடித்தார். இடது கையில் எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. வலது கையில், மணிக்கட்டுக்குக் கீழே புகை போல ஏதோ இருந்தது.

"இந்தக் கையில மட்டும் சுண்ணாம்புச் சத்தே இல்லையே! எத்தனை வருஷமா இப்படி?"

"ஒன்பது நாளா," என்றேன்.

கிறிஸ்துதாஸ் அந்த எக்ஸ்ரேயை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நீ தொடலைய்யா," என்றார்.