விராலின் வெறும் வயிறு

இறக்காமம் குளத்தில் வலை போட்டு, குளக்கட்டிலேயே மீனை வெட்டிக் கொடுப்பவர் அவர். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டுச் சாய்ந்தமருதுக்குத் திரும்பும்போது அவரிடம்தான் வாங்குவேன். மெலிந்த மனிதர்; அண்ணன் முறையில் 'காக்கா' என்றே கூப்பிடுவேன். அவருடைய தொப்பியில் எப்போதும் இரண்டு செதில்களாவது ஒட்டியிருக்கும்.

குடலை எறியுமுன் ஒவ்வொரு மீனின் இரைப்பையையும் கீறி, உள்ளே இருப்பதைப் பெருவிரல் நகத்தில் எடுத்துப் பார்ப்பார். தொலைந்த மோதிரம் எதையாவது தேடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"என்ன காக்கா தேடுறீங்க?"

"நேத்து எங்க மேஞ்சதெண்டு பாக்கன் சேர். தும்பிப் புழு இருந்தா கரைப் புல்லுப் பக்கம். செம்புழு இருந்தா நடுக்குளத்துச் சேறு. நாளைக்கு வலை அங்கதான்."

அடுத்து எனக்கான விராலைக் கீறினார். வயிற்றில் ஒன்றுமே இல்லை. அவர் கை நின்றது.

"இது குஞ்சு காத்து நிண்ட மீன் சேர். குஞ்சுகள விட்டுட்டு இரைக்குப் போகாது."

"அப்ப அந்தக் குஞ்சுகள்?"

அவர் குளத்தைப் பார்த்தார்.

"இண்டைக்கு மத்த மீனெல்லாம் வயிறு நிறைஞ்சிருக்கும்."

கூடையில் அந்த விராலுக்குப் பிறகு வலையில் பட்ட ஏழெட்டு மீன்கள் இன்னும் கிடந்தன. அவற்றின் வயிற்றைப் பார்க்காமலே குடலை எறிந்தார்.