பால் சொசைட்டி ஜனாதிபதி

கிளியனூருக்குப் பக்கத்து ஊரில் சுப்பராயலுதான் பால் சொசைட்டித் தலைவர். என்ன வேலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கழுத்துக்கு மாலை வந்தால் தலையைக் குனிவார். செயலாளர் வேங்கடேசன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். இதில் அவரை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

எண்பத்தேழில் டீக்கடைப் பேப்பரில் வந்த சேதிதான் மனுஷனைக் கெடுத்தது. பார்லிமெண்டில் நிறைவேறிய தபால் மசோதாவில் ஜனாதிபதி கையெழுத்தும் போடாமல், முடியாது என்றும் சொல்லாமல், அப்படியே கிடப்பில் வைத்திருக்கிறாராம்.

"அடேங்கப்பா! இப்பிடிகூடப் பண்ணலாமா?" என்றார் சுப்பராயலு. கையிலிருந்த டீ ஆறிப்போனது.

அந்த வாரமே வேங்கடேசன் ஒரு தீர்மானத்தோடு வந்தான். பால் அளக்கும் அம்சாவை நிறுத்திவிட்டு அவன் மச்சானை வைக்க வேண்டுமாம். அம்சா வீட்டில் உலை கொதிப்பதே அந்தச் சம்பளத்தில்தான். மச்சானுக்கோ பாலுக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியாது.

"ஜல்தியா போடுங்க தலைவரே, திண்டிவனம் பஸ்ஸு வந்துடும்."

"வச்சிட்டுப் போ. யோசிச்சிக்கினு இருக்கேன்."

வேங்கடேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைவர் யோசிப்பதா? தீர்மானம் அரிசிப் பானைக்கு அடியில் போனது. மாதங்கள் ஓடின, அம்சா பால் அளந்துகொண்டே இருந்தாள். ஒன்றும் செய்யாமலிருப்பதில் இவ்வளவு அதிகாரமா என்று சுப்பராயலுவுக்குப் புல்லரித்தது. மீசையை முறுக்கிக்கொண்டு சொசைட்டி வாசலில் உலாத்தினார்.

வேங்கடேசன் சும்மா விடுவானா? பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, பொதுக்கூட்டம் கூட்டினான்.

"நம்ம தலைவரு சேவைக்கு இந்தப் பதவி பத்தாதுங்க. இனிமே அவரு கவுரவத் தலைவரு!"

கவுரவத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அதற்கு வேறு ஆள் தயார். வேண்டாம் என்று சொல்லத்தான் சுப்பராயலு எழுந்தார். ஆளுயர மாலையைப் பார்த்ததும் பாழாய்ப்போன தலை தானாகக் குனிந்தது. ஊரே கைதட்டியது.

மறுவாரம், பால் அளக்கும் வேலை போன அம்சா அவருடைய மல்லாட்டைக் கொல்லைக்கே, வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை வெட்ட வந்தாள். வரப்பில் நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தக் கொல்லைக்காவது நீங்க தலைவருங்களா, இல்ல இங்கயும் கவுரவந்தானுங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மோட்டார் கொட்டகையிலிருந்து அவர் மனைவி தையல்நாயகியின் குரல் வந்தது.

"அவராண்ட இன்னாடி பேச்சு? எதுவா இருந்தாலும் என்னாண்ட வந்து கேளு!"

சுப்பராயலுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலை மறுபடியும் குனிந்தது. இந்தத் தடவை மாலை எதுவும் வரவில்லை.